மூன்றாம் நம்பர் பிளக்

உங்கள் ஜீப் இந்தக் குளிரில் இப்படித்தான் அடம்பிடிக்கும், ஐயா. ஏட்டு நாலு முறை செல்ஃப் அடித்ததை இந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பேட்டரியைத் திட்டிக்கொண்டே இறங்கி உள்ளே வந்தார். பேட்டரியில் ஒன்றும் இல்லை. எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும், சுரண்டிவிட்டு முறுக்கினால் சரியாகிவிடும். இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒயர் எங்கே போய் முடிகிறது என்று தெரியாது. பழி போட மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

என் பெயர் தேவசிகாமணி. ஒண்டிக்கடைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஒர்க்ஷாப் என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஏற்காட்டு வண்டிகளுக்கு நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. காலையில் குளித்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நானாகத்தான் வந்தேன். போன டிசம்பரில் குப்பனூர் ரோட்டில் எஸ்டேட் லாரி ஒன்று உருண்டு மூன்று பேர் செத்தார்கள் அல்லவா, அதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். பிழையை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது, அதனால் முழுவதையும் சொல்கிறேன். மெதுவாகவே சொல்கிறேன், ஏட்டு எழுதட்டும்.

அந்த லாரி மிலிட்டரி ஏலத்தில் வந்தது. பெட்ரோல் வண்டி, ஆறு சிலிண்டர், நாற்பது வயது. ஊரே டீசலுக்கு மாறிய பிறகும் எஸ்டேட்டுக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். செப்டம்பரில் அதன் இன்ஜினை முழுக்க இறக்கி நான்தான் செய்துகொடுத்தேன். பிஸ்டன் ரிங், வால்வு, வால்வின் தண்டு ஏறி இறங்குகிற கைடு, எல்லாவற்றையும் மாற்றினேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. எஸ்டேட் ரைட்டர் வெங்கடாசலம் காதை பானெட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கு இன்ஜினும் தெரியாது, தையல் மிஷினும் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

பத்து நாளில் டிரைவர் ஐயாக்கண்ணு வந்து நின்றான். செம்மநத்தத்துக்காரன், நாற்பது வயதிருக்கும். மரியாதைக்காரன்தான். அந்த மரியாதைதான் எனக்கு ஆகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுவிட்டு நடுவில் ஊசியைச் செருகுவான்.

“ஏனுங்க மேஸ்திரி, வண்டி அஞ்சு சிலிண்டர்லதானுங்க ஓடுது. ஒண்ணு வேலை செய்யறதில்லீங்க” என்றான்.

பிளக்குகளைக் கழற்றினேன். பிளக் பொய் சொல்லாது, ஐயா. மனிதன் சொல்லுவான், ரைட்டர் கட்டாயம் சொல்லுவார், பிளக் சொல்லாது. முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சிலிண்டர் சுகமாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமாக, கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. ஐந்து பிளக்குகள் பிஸ்கட் நிறம். மூன்றாம் நம்பர் மட்டும் எண்ணெய்ச் சட்டியில் விழுந்த கரித்துண்டு போல இருந்தது.

துடைத்துப் போட்டு அனுப்பினேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தான். மூன்றாவது பிளக்கை ஐந்தாவதிலும் ஐந்தாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டேன். பிளக்கில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை, மூன்றாம் சிலிண்டரில் இருந்ததுதான் மறுபடி கரி அடைத்தது. ஒயரை மாற்றினேன். டிஸ்டிரிபியூட்டர் மூடியை மாற்றினேன். சீக்கிரம் சூடாகிற வேறு ரகப் பிளக் ஒன்று போட்டேன், ஆயில் பட்டாலும் எரித்துவிடும் என்று. அது எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் லாரி திக்கித் திக்கி ஒண்டிக்கடை வளைவில் ஏறிவருகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒர்க்ஷாப்புக்கு எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. யாரும் லாரியைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று ஐயாக்கண்ணுவைச் சொன்னேன். பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை இழுத்துவிட்டு மறந்துவிடுகிறான் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டீக்கடையில் எல்லோரும் சிரிக்கும்படி சொன்னேன். அவனும் கூடச் சிரித்தான். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ரைட்டர் வெங்கடாசலமும் நிற்கும்போது, இப்படிச் சொன்னான்.

“சோக்கு இழுக்கறதே இல்லீங்க மேஸ்திரி. ஏர்றப்ப வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. குப்பனூர் வரைக்கும் ரெண்டாவது கியர்ல எறங்கிப் போயி, அடிவாரத்துல மறுக்கா ஆக்சிலேட்டர மிதிச்சாத்தானுங்க நீலமா நொம்பப் பொகையுது. எறங்கறப்ப ஆயில உறிஞ்சுதுங்களோ என்னமோ. கைடு ஒண்ணு பழசா நின்னுபோச்சுங்களா?”

கேள்வியாகத்தான் கேட்டான். கிளீனராக இருந்து டிரைவரானவன், ஒரு நாளும் ஸ்பானர் பிடிக்காதவன், மிஷன் ஒர்க்ஷாப்பில் ஆறு வருஷம் தொழில் கற்ற என்னைக் கேட்டான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தான். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைக்க வேண்டியதில்லை.

அவன் சொன்னது சரி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கியரில் வரும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறான். சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே காற்றுப் போகிற வழி மூடியிருக்கிறது. அந்த உறிஞ்சலில் கைடு லூசாக இருந்தால் மேலிருந்து ஆயில் இறங்கும். புத்தகத்தில் உள்ள விஷயம். எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்ஷாப்பைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தேன். மேல் மூடியைத் திறந்து, மூன்றாவது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றித் தண்டை ஆட்டினேன். ஆடும் பல் போல ஆடியது. எனக்கு ஆச்சரியம் இல்லை. செப்டம்பரில் புதுக் கைடுகளை அடித்து இறக்கும்போது மூன்றாம் நம்பருக்கு உரியது விரிசல் விட்டுவிட்டது. மட்டமான வார்ப்பு. வேறொன்று சேலத்திலிருந்து வர இரண்டு நாள் ஆகும், ரைட்டரோ வண்டியை அன்றே கேட்டார். பழைய கைடையே துடைத்துப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

இன்ஜின் தலையைக் கழற்றி ஒரு கைடை மாற்ற ஒரு நாள் வேலை. ஆனால் ஏற்காட்டில் எந்த வேலையும் சுவருக்குள் நடப்பதில்லை. திறந்தால் எதற்குத் திறந்தான் என்று கேட்பார்கள். ஐயாக்கண்ணு சொன்னது பலித்தது என்று டீக்கடையில் ஒரு மாதம் பேசுவார்கள். அவன் அப்போதும் பணிவாக, “நான் சும்மாத்தானுங்க சொன்னேன்” என்பான். அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

அதனால் வேறு வழி யோசித்தேன். நல்ல வழிதான். இறக்கத்தில் இன்ஜின் சுற்றினால்தானே உறிஞ்சும்? சுற்றாவிட்டால்? மறுநாள் ரைட்டரை வைத்துக்கொண்டு ஐயாக்கண்ணுவிடம் சொன்னேன். “இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. நீ எறக்குற முறைதான் கோளாறு. இனிமே எறக்கத்துல சாவிய அணைச்சிட்டு நியூட்ரல்ல விடு. பிளக் அடைச்சா என்னைக் கேளு.”

ரைட்டருக்கு முகமெல்லாம் பல். பாதி வழிக்குப் பெட்ரோலே வேண்டாம் என்பது ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது.

ஐயாக்கண்ணு அசையவில்லை. “ஏறுன கியர்லதானுங்க எறங்கோணும். எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரு மொத மொதல்ல சொன்னது அதுதானுங்க. வெறும் பிரேக்குல இத்தன வளைவு எறங்குனா டிரம்மு கொதிச்சுப் போயிருமுங்க” என்றான். இந்த மலை டிரைவர்களுக்கு இது வேதவாக்கு. வளைவில் சாமிக் கல்லுக்கு ஒரு சூடம் கொளுத்துவதும், இறங்கி நின்று சக்கர டிரம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும், சூடாக இருந்தால் கேனில் இருந்து தண்ணீர் தெளிப்பதும், எல்லாம் ஒரே பூஜைதான் இவர்களுக்கு.

ரைட்டர் அவனிடம் சுருக்கமாகப் பேசினார். “மேஸ்திரி சொன்னபடி ஓட்டுறியா, இல்ல சாவியக் குடுத்துட்டுக் காப்பிக்குக் களை வெட்டப் போறியா?” அவன் பெண்டாட்டி பாவாயிக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் பார்வையே போய்விட்டது. டிரைவர் வேலை போனால் அவளுக்கு வைத்தியம் இல்லை. இது எனக்குத் தெரியும், ரைட்டருக்கும் தெரியும். அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு பிளக் அடைக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். நானே போய்க் கழற்றிப் பார்ப்பேன், டீக்கடையில் இருப்பவர்கள் பார்க்கும்படி வெளிச்சத்தில் பிடிப்பேன். ஆறும் பிஸ்கட் நிறம். கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். சிரித்தவர்கள் எல்லாம் மண்டையை ஆட்டினார்கள்.

நான்காவது வாரம் ஐயாக்கண்ணு வண்டியைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினான். பிளக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “பெடல் நொம்பக் கீழ போகுதுங்க மேஸ்திரி. கருகுன நாத்தம் வருதுங்க. பிரேக்கு ஷூவ ஒருக்காப் பாத்துடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றான்.

முன் சக்கரம் ஒன்றைக் கழற்றினேன். அவன் டீ வாங்கப் போயிருந்தான். எனக்காகத்தான் வாங்கப் போயிருந்தான். டிரம்மைப் பிடித்து நிறுத்துகிற லைனிங் பட்டை ரிவெட் வரை தேய்ந்து, ஓரம் கருகிப் பொடிந்திருந்தது. டிரம்மின் உள்பக்கம் நீலம் பாரித்திருந்தது, இரும்பு பல முறை பழுக்கக் காய்ந்தால் வருகிற நீலம். இப்படியே விட்டால் இன்னும் நாலைந்து இறக்கம் தாங்கும், சுமை அதிகமானால் அதுவும் தாங்காது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு சரியாகவே இருந்தது, ஐயா. அவன் ஐந்தாவது இறக்கத்தில்தான் போனான்.

லைனிங் கருகிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் கருகியது என்ற கேள்வி வரும். நியூட்ரலில் இறக்கியதால். யார் இறக்கச் சொன்னது? நான். சரி, இனி கியரில் இறக்கு. இறக்கினால் எட்டு நாளில் மூன்றாம் நம்பர் பிளக் மறுபடி கறுப்பாகும். மூன்று வாரம் நான் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதெல்லாம் கேலிக்கூத்தாகிவிடும்.

டிரம்மை மூடினேன். ஷூவை டிரம்மோடு நெருக்கும் அட்ஜஸ்டரை இரண்டு பல் ஏற்றி முறுக்கினேன். நாலு சக்கரத்துக்கும் அப்படியே செய்தேன். பெடல் மேலே வந்துவிட்டது. பெடல் மேலே வந்தால் டிரைவர்களுக்கு மனசு நிறைந்துவிடும், உள்ளே என்ன மிச்சம் என்று பார்க்கமாட்டார்கள். டீயோடு வந்தவன் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை மிதித்துப் பார்த்தான். முகம் தெளிந்துவிட்டது.

“ஒரு மாசத்துக்குக் கவலையில்ல” என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மறுபடியும் வந்தான். காப்பிக் கொட்டை மூட்டை முழு லோடு. மூட்டைகளின் மேல் குப்பனூர் வரை போகிற கூலிகள் இரண்டு பேர், செல்லப்பன் என்றும் கண்ணாயி என்றும் பிறகு உங்கள் அறிக்கையில்தான் பெயர் தெரிந்துகொண்டேன். முன்னால் பாவாயி, கழுத்து வரை சேலையைப் போர்த்திக்கொண்டு. இன்ஜினை அணைக்காமலே எட்டிப் பார்த்துப் பேசினான்.

“இன்னைக்கு நம்ம ஊட்டுக்காரியும் வர்றாளுங்க. சேலத்துல கண்ணாஸ்பத்திரில வரச் சொல்லியிருக்காங்க. பிரேக்க நம்பலாமுங்களா மேஸ்திரி?”

இந்த இடத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது கூட ஒரு வார்த்தை போதும். கியரில் இறங்கிப் போ என்று சொன்னால் போதும். அவன் ஏன் என்றுகூடக் கேட்டிருக்கமாட்டான். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“என்னை நம்புறியா இல்லையா?” என்றேன்.

“உங்கள நம்பாம ஆரங்க நம்பப்போறேன்?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்த வண்டியின் கியர்பாக்ஸ் பழைய ரகம். நியூட்ரலில் ஓட்டம் எடுத்துவிட்டால் மறுபடி கியர் விழாது, பல் கொறிக்குமே தவிர உள்ளே உட்காராது. அவன் முயற்சி செய்திருப்பான். ஒரு மணி நேரத்துக்குள் பஸ் கண்டக்டர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். நான் என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். டூல் பையை எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது வளைவுக்குக் கீழே லாரி மரத்தில் சாய்ந்து கிடந்தது. கொட்டை சரிவெல்லாம் சிந்தியிருந்தது. ஆட்கள் கண்ணாயியின் உடலை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். செல்லப்பனை அப்போதுதான் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள். ஐயாக்கண்ணு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தான், அவனை எடுக்கக் கடப்பாரைக்குப் போயிருந்தார்கள். கால் பிரேக் பெடலின் மேலேயே இருந்தது. நான் பானெட்டை நெம்பித் திறந்தேன். பிளக் ஸ்பானரைப் போட்டு மூன்றாம் நம்பரைக் கழற்றினேன். சூடு ஆறியிருந்தது. சட்டையில் துடைத்துப் பார்த்தேன். பிஸ்கட் நிறம்.

பாவாயி பத்தடி தள்ளிப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவு பிடுங்கிக்கொண்டதில் வெளியே விழுந்து கை முறிந்து பிழைத்தவள். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“ஆருங்க அது? மேஸ்திரி அண்ணனுங்களா? பிரேக்கு புடிக்கலீங்கண்ணா. மேஸ்திரி பாத்துக்குடுத்த பிரேக்கு, புடிக்கும் புடிக்கும்னு சொல்லிக்கிட்டே மிதிச்சாருங்க.”

ஏதாவது சொல்ல வேண்டுமே. “இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லம்மா” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் மறுபடியும் பிரேக்கைப் பற்றியே சொன்னாள். அந்த ஜனங்களுக்கு வண்டி விஷயம் விளங்காது.

இப்போது பிழைக்கு வருகிறேன். போன வாரம் ரைட்டர் வெங்கடாசலம் உங்கள் அறிக்கையின் நகலை டீக்கடைக்குக் கொண்டுவந்து சத்தமாகப் படித்தார். டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதியிருந்தது. அது கிடக்கட்டும், செத்தவன் வழக்குக்கு வரப்போவதில்லை. ஆனால் அடுத்த வரியில், 'இன்ஜின் திறமையற்ற முறையில் பழுது பார்க்கப்பட்டு, அடிக்கடி பிளக் அடைத்து வந்துள்ளது' என்று இருக்கிறது. யார் சொல்லி எழுதினீர்கள்? ரைட்டர்தான் சொல்லியிருப்பார். அதைப் படித்ததிலிருந்து இரண்டு எஸ்டேட்டுகள் தங்கள் ஜீப்பை என்னிடம் விடாமல் சேலத்துக்கு அனுப்புகிறார்கள். நான் போனால் டீக்கடையில் பேச்சு நிற்கிறது.

அதனால்தான் வந்தேன். இதோ, அன்றைக்குக் கழற்றிய பிளக், காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். பழைய கைடைப் போட்டவன் நான். நியூட்ரலில் விடச் சொன்னவன் நான். லைனிங் போய்விட்டது என்று கண்ணால் பார்த்து மூடியவன் நான். அது எத்தனை இறக்கம் தாங்கும் என்று தெரிந்தே அனுப்பியவனும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். மூன்று பேரைக் கொன்றவன் தேவசிகாமணி என்று எழுதுங்கள், ஐயா, எனக்கு ஆட்சேபணை இல்லை. தொழில் தெரியாதவன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.